இராக்காலங்களிலும் என் சிறுநீரகங்கள்

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்குப் போய் எடை பார்த்து, இடது கையில் இரண்டு ஊசி குத்தி இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் நான்கு மணி நேரம் அந்தக் கை அசையக்கூடாது. அந்த நேரத்தில் அவர் தூங்குவதில்லை, சுவரில் ஓடும் டிவியையும் பார்ப்பதில்லை. 32 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஊசி குத்தி முடிந்ததும் என்னைப் பார்த்து, "ஏதாவது வாசில" என்பார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிப்பேன். பெரும்பாலும் பைபிளில் உள்ள சங்கீதம்தான்.

ஒரு வியாழக்கிழமை 16-ம் சங்கீதம். ஏழாம் வசனத்துக்கு வந்தேன். "இராக்காலங்களிலும் என் உள்ளிந்திரியங்கள் என்னை உணர்த்தும்." அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"உள்ளிந்திரியம்னா எதுல? ஐம்பது வருசமா வாசிக்கேன். வெளியே அஞ்சு இந்திரியம் இருக்கு, சரி. உள்ளே இருக்கிறது எது?"

எனக்கு அதற்கு விடை தெரியும். இரண்டு வருடமாக இணையத்தில், சங்கீதத்தின் மூலமொழியான எபிரேயம் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிற நிலைதான். ஆனால் அந்தச் சொல்லை ஏற்கெனவே பார்த்து ஒரு நிமிஷம் அசந்துபோயிருந்தேன். அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த அறையில், அந்த இயந்திரத்துக்கு முன்னால் அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசனை. கேட்டுவிட்டார், சொல்லிவிட்டேன்.

"சிறுநீரகம், அப்பா. மூலத்தில் 'கெலாயோத்' என்று இருக்கு. ரெண்டு கிட்னி. வேறே ஒண்ணும் இல்லை."

அவர் இயந்திரத்தைப் பார்த்தார். சிவப்பாகச் சுற்றிவரும் குழாயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னொரு தரம் வாசி" என்றார்.

அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லை நான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். எபிரேய வேதத்தில் சிறுநீரகம் 31 தடவை வருகிறது. அதில் 16 தடவை பலிபீடத்தோடு சேர்ந்தது, யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும். ஆட்டையோ மாட்டையோ பலியிடும்போது இரண்டு சிறுநீரகத்தையும் அவற்றின் மேலிருக்கும் கொழுப்போடு எடுத்து எரிக்க வேண்டும் என்ற முறை. நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கிற சொல் 'குண்டிக்காய்'. சின்ன வயதில் ஆலயத்தில் லேவியராகமம் வாசிக்கப்படும்போது நாங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சொல். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அடங்கிவிடுவோம். உண்மையில் அது நல்ல தமிழ்ச் சொல், சிறுநீரகத்துக்குப் பழைய பெயர். பக்கத்திலே தெலுங்கில் 'குண்டெ' என்றால் இதயம். கன்னடத்தில் 'குண்டிகெ'யும் இதயம்தான். சிறுநீரகத்தையும் இதயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிய எபிரேயக் கவிஞர்களை நினைக்கும்போது, இந்த ஒலி ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

மிச்சம் இருப்பவற்றில் ஒன்று ஏசாயாவில், அதுவும் பலியின் சாயலில். ஒன்று உபாகமத்தில், மோசேயின் பாட்டில், எதிர்பாராத இடத்தில். அங்கே உயர்ந்த கோதுமையை "கோதுமையின் சிறுநீரகக் கொழுப்பு" என்கிறது மூலம். ஆட்டில் எது மிகச் சிறந்த கொழுப்போ, அதன் பெயரைத் தானியத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். தமிழில் அது 'கொழுமையான கோதுமை'. அர்த்தம் சரி. ஆனால் மந்தை வைத்துப் பிழைத்த ஜனங்கள் வயலைப் பார்த்துப் பேசிய பேச்சு அதில் போய்விட்டது.

மீதி 13 தடவையும் மனுஷனுடைய சிறுநீரகம். யோபுவில் இரண்டு, சங்கீதத்தில் ஐந்து, நீதிமொழிகளில் ஒன்று, எரேமியாவில் நான்கு, புலம்பலில் ஒன்று. இங்கேதான் தமிழில் அநேகமாக 'உள்ளிந்திரியங்கள்' வருகிறது. லேவியராகமத்தில் குண்டிக்காயாக இருந்த அதே சொல் சங்கீதத்துக்கு வந்தவுடன் சட்டை மாற்றிக்கொள்கிறது. யோபு 16-ல் மட்டும் அது 'ஈரல்' ஆகிவிட்டது, "என் ஈரலைத் தப்பவிடாமல் பிளந்தார்" என்று. அம்பு பாய்ந்து பிளக்கிற இடத்தில் 'இந்திரியம்' என்ற சொல் தாங்காது என்று தோன்றியிருக்க வேண்டும். தமிழில் வலிக்கிற ஈரல், குலை நடுங்குகிற ஈரல்தானே நமக்குப் பழக்கம்.

இப்படி மாற்றினவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1871-ல் வந்த அந்த மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் என் வீட்டில் நாலு தலைமுறை ஜெபிக்கக் கற்றுக்கொண்டது. "என் குண்டிக்காய்கள் என்னை உணர்த்தும்" என்று அவர்கள் எழுதியிருந்தால் எந்தச் சபையும் அந்தச் சங்கீதத்தை ஒழுங்காக வாசித்திருக்காது. 1995-ல் வந்த திருவிவிலியம் இன்னும் ஒரு அடி போய், அதே வசனத்தில் 'மனச்சான்று' என்றே சொல்லிவிடுகிறது. பொருள் மிகச் சரி. ஆனால் சிறுநீரகம் இருந்த தடமே இல்லை. எனக்கு அந்தத் தடம் வேண்டும். அப்பாவின் கட்டில் அருகே உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேண்டியிருக்கிறது.

ஏன் சிறுநீரகம்? எபிரேயர்கள் உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். மூக்குக்குக் கோபம்: 'அஃப்' என்ற ஒரே சொல் மூக்கையும் கோபத்தையும் குறிக்கும், பொறுமைசாலி 'மூக்கு நீண்டவர்'. கர்ப்பப்பைக்கு இரக்கம்: 'ரெஹெம்' என்றால் கர்ப்பம், 'ரஹமீம்' என்றால் மனவுருக்கம். ஈரல் துக்கத்தில் தரையில் வடியும். இதயம் நாம் நினைப்பதுபோலக் காதலுக்கும் கண்ணீருக்கும் மட்டுமானது அல்ல, யோசிப்பதும் முடிவெடுப்பதும் அதன் பொறுப்பு. ஓசியா தீர்க்கதரிசி எப்பிராயீமை, அதாவது வட இஸ்ரவேலை, இதயமில்லாத புறா என்கிறார், புத்தி கெட்ட புறா என்று அதற்கு அர்த்தம். இதெல்லாம் நமக்கு அந்நியமான பேச்சு இல்லை. ஈரக்குலை பதறுகிறது, வயிறு எரிகிறது, பெத்த வயிறு துடிக்கிறது என்று நாமும் உடம்பால்தான் பேசுகிறோம். சிறுநீரகத்துக்கு மட்டும் தமிழில் அப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை.

இதற்கு விடையை நான் ஒரு கறிக்கடையில்தான் பார்த்தேன். பார்த்தது சின்ன வயதில், புரிந்தது இப்போது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பாவோடு போவேன். தொங்கவிட்ட ஆட்டின் வயிற்றைக் கடைக்காரர் ஒரே இழுப்பில் திறப்பார். குடல் சரிந்து வரும். ஈரல் வரும், நுரையீரல் வரும், மண்ணீரல் வரும். எல்லாம் எடுத்து முடிந்து உள்ளே காலியாகிவிட்டது என்று தோன்றும்போது, முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் வெள்ளைக் கட்டியாகக் கொழுப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பிய்த்துப் பலகையில் போட்டு, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். கொழுப்பு பிளந்து, வழவழவென்று கருஞ்சிவப்பாக ஒரு கொட்டை உள்ளேயிருந்து நழுவி வெளியே வரும். பார்க்கிற எனக்கு ஒவ்வொரு வாரமும் அது அதிசயம். அதற்குள் ஒன்று இருந்தது என்று வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது.

உடம்பில் கடைசியாகக் கை போய்ச் சேர்கிற இடம் அது. வயிற்றுக்குள் இருப்பதாக நாம் நினைக்கிறோம், ஆனால் வயிற்றறையைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கும் பின்னால், முதுகோடு ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. பலிபீடத்தருகே தினமும் ஆடு அறுத்த ஆசாரியனுக்கு இது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அவன் அதைத் தோண்டி எடுத்து யாருக்கும் கொடுப்பதில்லை. சமாதான பலியில் மார்க்கண்டம், அதாவது நெஞ்சுக்கறி, ஆசாரியனுக்குப் போகும், இறைச்சியைப் பலி கொண்டுவந்தவன் குடும்பத்தோடு சாப்பிடலாம். சிறுநீரகமோ அதன் கொழுப்போடு அப்படியே நெருப்புக்குப் போகும். மனுஷன் வாயில் படாமல் கடவுளுக்கு மட்டும் ஒதுக்கிய பங்கு.

இப்போது சங்கீதம் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், "இருதயங்களையும் உள்ளிந்திரியங்களையும் சோதித்தறிகிறவர்". ஆட்டின் சிறுநீரகம் எவருக்கோ, மனுஷனின் சிறுநீரகத்தைப் பார்க்கிறவரும் அவர்தான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது என்பது என் எண்ணம். யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் இந்தச் சொல்லைத் தீர்க்கதரிசிகளில் அதிகம் பிடித்துக்கொண்டவர் எரேமியா, நான்கு தடவை. அவர் யார்? ஆனதோத் ஊரில் ஆசாரியக் குடும்பத்துப் பிள்ளை. பலியின் முறை தெரிந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். சொந்த ஊர்க்காரர்களே தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்த சமயத்தில் அவர் கூப்பிடுவது, சிறுநீரகத்தையும் இதயத்தையும் சோதிக்கிற நீதிபதியை. சிரித்துப் பேசிக்கொண்டே குழி பறிக்கிறவனின் உள்ளே எது இருக்கிறது என்று பார்க்க வேறு யாரால் முடியும்?

அடுத்த அதிகாரத்தில் அவர் சொல்வது இன்னும் கூர்மை. கடவுளிடமே சொல்கிறார்: நீர் அவர்கள் வாய்க்குச் சமீபம், உள்ளிந்திரியங்களுக்கோ தூரம். வாயிலிருந்து சிறுநீரகம் வரை உள்ள தூரத்தை ஒரு மனுஷன் அளந்து சொன்னது போல இருக்கிறது. 'உதட்டளவில்' என்று நாம் சொல்வதன் மறுமுனை எது என்று அவர் காட்டுகிறார்.

சோதிக்கிறார் என்கிற இடத்தில் வரும் எபிரேய வினை 'பாஹன்', பொன்னைச் சோதிப்பதற்கும் சொல்கிற சொல். 26-ம் சங்கீதத்தில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது, 'ஸாரஃப்', உலோகத்தை நெருப்பில் உருக்கிச் சுத்தம் செய்வது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த சொல்லைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன்: "புடமிட்டுப்பாரும்". என் சிறுநீரகத்தைப் புடம் போட்டுப் பாரும். பலிபீடத்தில் எரிகிற சிறுநீரகம் ஒரு பக்கம், புடத்தில் வேகிற சிறுநீரகம் ஒரு பக்கம். மூலத்தில் உள்ள நெருப்பைத் தமிழ் கொஞ்சமும் அணைக்கவில்லை.

16-ம் சங்கீதத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"உணர்த்தும்னு போட்டிருக்கே, அதுக்கு மூலத்துல என்ன?" அடுத்த செவ்வாய்க்கிழமை அதுதான் கேள்வி. ஆசிரியர் அல்லவா, பெயர்ச்சொல் முடிந்தால் வினைச்சொல்.

'யிஸ்ஸெரூனி கில்யோதாய்' என்பது மூலம். கில்யோதாய் என்றால் என் சிறுநீரகங்கள். முதல் சொல்லின் வினை 'யிஸ்ஸர்'. தகப்பன் பிள்ளையைச் சிட்சிப்பது போல என்று உபாகமம் 8-ல் வருவது இந்த வினைதான். ரெகொபெயாம் ராஜா, "என் தகப்பன் உங்களைச் சவுக்குகளினாலே தண்டித்தார்" என்று கொக்கரிப்பதும் இதே வினை. உணர்த்துவது என்பது மெல்லிய சொல். மூலத்தில் கையில் பிரம்பு இருக்கிறது. இரவுகளிலும் என் சிறுநீரகங்கள் எனக்குப் பாடம் கற்பிக்கின்றன, வலிக்க வலிக்க.

இதே வினையின் பெயர்ச்சொல் 'மூஸார்'. இன்றைக்கு இஸ்ரேலில் ஒருவர் தான் செய்த தப்புக்காக மனசு உறுத்துகிறது என்று சொல்ல வேண்டுமானால் 'மூஸார் கெலாயோத்' என்கிறார். சிறுநீரகங்களின் கண்டிப்பு. செய்திகளிலும் வீட்டுப் பேச்சிலும் சாதாரணமாகப் புழங்கும் தொடர்.

நடுவில் யூத ரபிமார்களும் இந்த உறுப்பை விடவில்லை. அவர்களுடைய வாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தால்மூதில், பெராகோத் என்ற பகுதியில், உடம்பின் உறுப்புகளுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறது: சிறுநீரகம் ஆலோசனை சொல்லும், இதயம் பகுத்தறியும். மனுஷனுக்கு இரண்டு சிறுநீரகம், ஒன்று நன்மைக்கு ஆலோசனை சொல்லும், மற்றது தீமைக்கு என்றும் அங்கே இருக்கிறது. அதைவிட எனக்கு நெருக்கமானது ஆபிரகாமைப் பற்றி ஆதியாகம மித்ராஷில், அதாவது ரபிமார்களின் விளக்கவுரையில், வருவது. ஆபிரகாமுக்குச் சொல்லிக்கொடுக்க தகப்பனும் இல்லை, குருவும் இல்லை. அப்படியானால் எங்கே கற்றான்? கடவுள் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் இரண்டு ஆசிரியர்கள் போல ஆக்கினார், அவை அவனுக்கு ஞானத்தை ஊற்றிக்கொண்டே இருந்தன. சாட்சிக்குக் காட்டுகிற வசனம் இதே 16:7.

இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "ரெண்டு வாத்தியாரு" என்றார். "எனக்கு ரெண்டு பேரும் ரிடயர்டு ஆயிட்டாங்க."

அப்புறம் சிரிப்பு நின்றது. அவராகவே பேச ஆரம்பித்தார். இரவில் தூக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும், கால் சுண்டி இழுக்கும், தாகம் எடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் அனுமதி, அதைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டால் இரவு முழுக்க நாக்கு ஒட்டும். தெரியாமல் இருந்தது வேறு ஒன்று. அந்த நேரத்தில் ஒரு பையன் முகம் வருகிறதாம். எட்டாம் வகுப்பு. வகுப்பில் யாரோ பணம் காணவில்லை என்று சொல்ல, அவன்தான் எடுத்திருப்பான் என்று அப்பா நினைத்து, எல்லோர் முன்னாலும் பிரம்பால் அடித்திருக்கிறார். மறுநாள் பணம் கிடைத்துவிட்டது, தொலைத்தவனின் புத்தகத்துக்குள்ளேயே. அந்தப் பையன் அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. வாத்தியார் போய்ப் பையன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். நாப்பது வருசம் ஆச்சு. இப்பம்தான் ராத்திரி ராத்திரி வாறான்."

நான் என்ன சொல்வது? சங்கீதக்காரன் பிரம்பு எடுத்த வினையை அந்த இடத்தில் வைத்தான், இரவையும் கூடவே வைத்தான். 73-ம் சங்கீதத்தில் இன்னொரு வரி உண்டு, ஆசாப் எழுதியது. என் மனம் கசந்தது, உள்ளிந்திரியங்களிலே குத்துண்டேன் என்று. அங்கே 'கசந்தது' என்ற இடத்தில் இருப்பது மாவு புளிப்பதற்கும் காடிக்கும் உறவான சொல். மனம் புளித்துப்போனது, சிறுநீரகத்தில் ஊசி இறங்கியது. நான் அதை வாசித்துக் காட்டினேன். அவர் இடது கையில் ஏறியிருந்த ஊசியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேதத்தில் நவீன மருத்துவம் ஏற்கெனவே இருக்கிறது என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் உண்டு. சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது, மனச்சாட்சி மனதைச் சுத்திகரிக்கிறது, பார்த்தீர்களா என்பார்கள். எபிரேய வேதத்தில் சிறுநீரகத்துக்கும் சிறுநீருக்கும் தொடர்பு இருப்பதாக ஒரு வரிகூடக் கிடையாது. நல்ல சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே அனுப்புகின்றன என்பது நமக்குத் தெரிந்த அதிசயம், தாவீதுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது அது எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்பது. எனக்கு அதுவே போதும். சர்க்கரை நோய் அப்பாவின் சிறுநீரகங்களைப் பல வருடமாகத் தின்றுகொண்டிருந்தது, ஒரு சின்ன வலிகூட இல்லை. கால் வீங்கி, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்தபோது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. மூடிக்கிடக்கிற இடம் என்று அவர்கள் சொன்னது எங்கள் வீட்டில் அப்படித்தான் உண்மையானது.

139-ம் சங்கீதத்தை நான் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டேன். "நீர் என் உள்ளிந்திரியங்களைக் கைக்கொண்டிருக்கிறீர், என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்." அம்மா உயிரோடிருந்தபோது தினமும் சொல்லும் வசனம் அது. 'கைக்கொண்டிருக்கிறீர்' என்ற இடத்தில் 'கானா' என்ற வினை. சம்பாதிப்பது, வாங்குவது, சில இடங்களில் உண்டாக்குவது. ஏவாள் முதல் பிள்ளையைப் பெற்றவுடன் சொல்கிற வினையும் இதுதான். 'காப்பாற்றினீர்' என்பதைப் பலர் 'நெய்தீர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளி, ஆசரிப்புக் கூடாரத்துத் திரைகளில் செய்த பூத்தையலுக்குரிய சொல் வருவதால், எனக்கும் நெசவுதான் சரியென்று படுகிறது. கர்ப்பத்தின் இருட்டில் ஒரு உடம்பு உண்டாவதைப் பாடும்போது, உறுப்புகளில் முதலில் பெயர் சொல்லப்படுவது சிறுநீரகம். இதயத்தை அங்கே சங்கீதக்காரன் தொடவே இல்லை. ஒளிந்திருப்பதை முதலில் செய்தீர் என்கிறான்.

இதை அப்பாவிடம் சொன்ன அன்று, டயாலிசிஸ் முடிந்து ஊசிகளை எடுத்து, துளைகளைப் பஞ்சால் அழுத்திப் பிடிப்பது என் வேலையாக இருந்தது. ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொட்டிருக்கிறீர்களா? மணிக்கட்டுக்கு மேலே சிரையும் தமனியும் சேர்த்துத் தைத்த இடத்தில் விரல் வைத்தால், தோலுக்கு அடியில் தேனீக்கூடு போல ரீங்கரிக்கும். இரத்தம் வேகமாக ஓடுகிற அதிர்வு. அது நின்றால்தான் பயம். நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன், விரலடியில் அந்த ரீங்காரம். அப்பா கண்ணை மூடி, "கில்யோதாய்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம்.

இப்போது அவருடைய பழைய பைபிளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். கட்டு தளர்ந்த, அம்மா கையெழுத்து முதல் பக்கத்தில் உள்ள பைபிள். வலது கை சும்மாதானே இருக்கிறது என்று பென்சில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு இடமாக ஓரத்தில் எழுதிக்கொண்டு வருகிறார். 'சிறுநீரகம்' என்று எழுதவில்லை, 'குண்டிக்காய்' என்றே எழுதுகிறார், சின்னச் சின்ன எழுத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய அதே சாய்வில். யோபு முடிந்தது, சங்கீதம் முடிந்தது. "உன் உதடுகள் செம்மையானவைகளைப் பேசினால், என் உள்ளிந்திரியங்கள் மகிழும்" என்ற நீதிமொழிகள் வசனத்தில், பிள்ளையைப் பார்த்துத் தகப்பன் சொல்வது அது என்பதால், எழுதிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எரேமியாவின் நான்கும் போன சனிக்கிழமை முடிந்தது.

அந்தப் பையனின் ஊர் எது என்று அவருக்கு நினைவிருக்கிறது. கூடப் படித்த ஒருவரிடம் விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

புலம்பல் மட்டும் பாக்கி. அம்பறாத்தூணியின் அம்புகள் உள்ளிந்திரியங்களில் பட்ட வசனம். செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்று பென்சிலை அந்தப் பக்கத்தில் வைத்து மூடியிருக்கிறார்.